ஆலோசனை சொன்னவரின் பொறுப்பு

இமாம் நவவி அவர்கள் ‘அல்மஜ்மூஃ’ நூலின் முன்னுரையில் பத்வா வழங்குவதன் ஒழுக்கங்களைப் பற்றி விரிவாக எழுதும் இடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. ஒருவர் முப்தியிடம் கேள்வி கேட்கிறார். முப்தி பதில் சொல்கிறார். கேட்டவர் அந்தப் பதிலை நம்பி ஒரு காரியத்தைச் செய்ய, அதனால் ஒரு பொருள் அழிந்துபோகிறது. பிறகு அந்தப் பத்வா பிழையானது என்பதும், மறுக்க முடியாத ஆதாரமொன்றுக்கு மாறானது என்பதும் தெரியவருகிறது. அழிந்த பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் யார்?

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூ இஸ்ஹாக் அல்இஸ்பராயினி அவர்களின் கருத்து அங்கே எடுத்துச் சொல்லப்படுகிறது. பத்வா கொடுத்தவர் அதற்குத் தகுதியுள்ளவராக இருந்தால் ஈடு அவர்மேல். தகுதியில்லாதவராக இருந்தால் ஈடு இல்லை. ஏனெனில் தகுதியில்லாதவரிடம் போய்க் கேட்டது கேட்டவரின் குறை. இமாம் நவவி அவர்களுக்கு இந்தக் கருத்தில் முழுத் திருப்தி இல்லை. இது சிக்கலானது என்கிறார்கள். ஒருவரை ஏமாறச் செய்தவர் பற்றிய சட்டத்தின் வழியில் இதைத் தீர்க்கலாம்; அல்லது ஈடே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பத்வா யாரையும் கட்டுப்படுத்துவதில்லை, நிர்ப்பந்திப்பதுமில்லை என்கிறார்கள்.

நமது மத்ஹபின் பெரிய இமாம் ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் டமஸ்கஸில் இருந்து யோசித்த இந்த விடயத்தை, பல்கலைக்கழகமொன்றில் பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்கு மேற்பார்வையாளனாக இருந்த நான் மிகவும் பிந்தியே படித்தேன். அதைப் படித்த இரவில் எனக்கு முப்தியின் ஞாபகம் வரவில்லை. நாவிதன்வெளிப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த ஒரு தமிழ் ஆசிரியையின் ஞாபகம்தான் வந்தது.

அவர் 2008இல் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தவர். நான் அப்போது பணியாற்றிய பல்கலைக்கழகம் நம் மாவட்டத்துக்கு வெளியே இருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை, பிழை அதனுடையதல்ல. நான் வார இறுதியில் கல்முனைப் பக்கம் வீட்டுக்கு வருவேன். அவர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே ஆய்வு செய்தபடியால், பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு வருவதைவிடக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து என் வீட்டுக்கு வருவது அவருக்கு இலேசு. என் வீட்டு விறாந்தையில்தான் பாதி மேற்பார்வை நடந்தது. அது ஒரு சலுகை என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

2010 டிசம்பரில் கணவரோடு வந்தார். எட்டு மாதக் கர்ப்பிணி. ஆறு மாதத்துக்கொரு முறை கொடுக்க வேண்டிய முன்னேற்ற அறிக்கையும், ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் அடுத்த மாதம் செலுத்தவேண்டியிருந்தன.

“சேர், பதிவ ஒத்திவைக்கிறதெண்டா கடிதம் ஏதும் குடுக்கணுமா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் ஒண்டும் தேவல்ல மகள். முதல்ல புள்ளயப் பெத்தெடுங்க. மத்தத நான் பாத்துக்கிறன்” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை மனதில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் இல்லை; பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அன்பும் இருந்தது. ஆனால் கேள்வி “கடிதம் கொடுக்க வேண்டுமா?” என்பது. அதற்கு விடை துணைவிதியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. தெரிந்தவன் போலச் சொன்னேன்.

அடுத்த மாதம், 2011 ஜனவரியில், கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளம். கிட்டங்கித் தாம்போதியைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மாரி காலத்தில் தண்ணீர் மேவினால் நாவிதன்வெளி ஒரு தீவு மாதிரி ஆகிவிடும்; உழவு இயந்திரத்திலும் தோணியிலும் ஆட்கள் கடப்பார்கள். அந்த ஆண்டு வந்தது வழமையான வெள்ளம் அல்ல. வயல்கள் அழிந்தன, பாடசாலைகள் அகதி முகாம்களாயின. அவருக்குப் பிள்ளை பிறந்ததும் அந்த நாட்களில்தான். பல்கலைக்கழகத்தில் நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன விடயம் பரீட்சை வேலைகளுக்குள் அமிழ்ந்துவிட்டது. ஆண்டின் நடுப்பகுதியில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பதிவு புதுப்பிக்கப்படாததாலும் அறிக்கை கிடைக்காததாலும் பதிவு காலாவதியாகிவிட்டது, தொடர விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஒத்திவைப்புக்கு முன்கூட்டியே எழுத்தில், மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்ற துணைவிதியும் அதில் இலக்கமிட்டுக் காட்டப்பட்டிருந்தது.

பீடச் சபையில் விடயம் எடுபட்டது. “மாணவி ஒத்திவைப்புப் பற்றி யாரிடமாவது விசாரித்தாரா?” என்று பீடாதிபதி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “வெள்ளம் வந்துவிட்டது, அதனால்தான்...” என்று இழுத்தேன். வெள்ளம் வந்தது உண்மைதான். ஆனால் விண்ணப்பிக்க வேண்டிய காலம் வெள்ளத்துக்கு முந்தியது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. “டிசம்பரில் என்னிடம் கேட்டார், தேவையில்லை என்று சொன்னவன் நான்” என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரவில்லை. மாணவி அசட்டையாக இருந்தார் என்பதாகவே கூட்டக் குறிப்பு எழுதப்பட்டது.

இங்கேதான் இமாம் நவவி அவர்களின் மஸ்அலா என்னைப் பிடித்துக்கொண்டது. பத்வாவில் நிர்ப்பந்தம் இல்லை என்பது ஈடு இல்லை என்பதற்கான காரணம். முப்தி சொன்னது பிடிக்காவிட்டால் இன்னொரு முப்தியிடம் போகலாம். காழியின் தீர்ப்பு மட்டுமே கட்டுப்படுத்தும். பத்வாவுக்கும் தீர்ப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றியே எகிப்தின் மாலிகி அறிஞர் அல்கராபி தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மேற்பார்வையாளர் முப்தியின் இடத்தில் இருப்பவர். தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி போதனை, ஆய்வு, பரீட்சை ஆகியவற்றின் மேலான அதிகாரம் மூதவைக்கு உரியது. மேற்பார்வையாளர் சொல்வது கருத்து மட்டுமே. ஆகவே அவரது கருத்தை நம்பிக் கெட்டவர் அவரைக் குறைசொல்ல முடியாது என்று வாதிக்கலாம். நான் எனக்குள் வாதித்தும் இருக்கிறேன்.

அந்த வாதம் நிற்காது. பட்டப்பின் மாணவர் தன் மேற்பார்வையாளரைச் சந்தையில் தேடி எடுத்தவர் அல்ல. பீடம் கடிதம் மூலம் நியமித்தது. ஒவ்வொரு படிவத்திலும் அவருடைய கையொப்பம் வேண்டும். அவரை மீறி அலுவலகத்துக்குப் போய் விசாரித்தால் “சேருக்கு மேலால போறா” என்ற பெயர் வரும். அந்தப் பெயரோடு ஆய்வேட்டை முடிக்க முடியாது. அப்படியானால் நிர்ப்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இமாம் நவவி அவர்கள் சொன்ன காரணம் எங்கே இல்லாமல் போகிறதோ அங்கே அந்தக் காரணத்தால் கிடைத்த விடுதலையும் இல்லாமல் போக வேண்டும். இது என் வாசிப்பு. உலமாக்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

அல்இஸ்பராயினி அவர்களின் இரண்டாவது பாதியும் நமது சூழலுக்குப் பொருந்துவதில்லை. தகுதியில்லாதவரிடம் கேட்டது கேட்டவரின் குறை என்றால், தகுதியுள்ளவர் யார் என்று கண்டுகொள்ளும் வழி கேட்டவருக்கு இருந்திருக்க வேண்டும். அந்த வழி நம்மவருக்கு இருந்ததா?

இந்தக் கரையோரத்துக்குப் பல்கலைக்கழகம் வந்த வரலாறு நீண்டதல்ல. மட்டக்களப்பில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் நடந்தவற்றின் பின் முஸ்லிம் மாணவர்கள் அச்சமின்றி அங்கே போய்ப் படிக்கும் நிலை இல்லாமல் போனது. எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் வேரூன்றியது. ஆக நமது ஊர்களில் பல்கலைக்கழகம் என்பது முதலில் ஒரு பாதுகாப்பு, பிறகு ஓர் உரிமை, பிறகு ஒரு பெருமை. அதன் உள்ளே ஒரு கோவை எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, மூதவை எது, பேரவை எது, முறையீட்டை யாருக்கு முகவரியிடுவது என்பதெல்லாம் நமது வீடுகளில் பேச்சாக இருந்ததில்லை. கொழும்பில் மூன்று தலைமுறை பட்டதாரிகள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. நாவிதன்வெளியின் கல்லோயாக் குடியேற்றக் கிராமமொன்றில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அது எங்கே கிடைக்கும்? விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் அரசியலமைப்பில் ஆட்சிமொழியாக இருக்கிறது. கடைசியில் மேற்பார்வையாளர் ஒருவர்தான் வாசல்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நமது மரபிலிருந்தே வருகிறது. மத்ரஸாக்களின் பழைய உலகத்தில் இஜாஸா என்பது ஓர் ஆசிரியர் தம் மாணவருக்குத் தாமே கொடுப்பது. நிறுவனம் கொடுப்பதல்ல. ஜோர்ஜ் மக்தீசி என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட தமது நூலில் இஸ்லாமியக் கல்வி நிலையங்களுக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கும் உள்ள வேறுபாடுகளில் இதை முக்கியமாகக் காட்டுகிறார். உஸ்தாத் திருப்தியடைந்தால் போதும். அந்த உறவின் அழகு நமது இரத்தத்தில் இருக்கிறது; முஸ்லிம்களிடம் மட்டுமல்ல, குரு சொல்லுக்கு மறுசொல் இல்லாத தமிழ் மரபிலும் இருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டம் அப்படியல்ல. உஸ்தாத் திருப்தியடைந்தாலும் பட்டம் இல்லாமல் போகலாம். மாணவர் மேற்பார்வையாளரின் சொல்லை உஸ்தாதின் சொல்லாகக் கேட்கிறார். அலுவலகம் அதை ஒரு தனிமனிதரின் பேச்சாகக்கூடக் கணக்கெடுப்பதில்லை. இந்த இடைவெளி இருப்பதை அறிந்தவர் மேற்பார்வையாளர் மட்டுமே. அறிந்தவர் அதைச் சொல்லாதிருந்தால், இமாம் நவவி அவர்கள் காட்டிய முதல் வழி, அதாவது ஏமாறச் செய்தவர் பற்றிய சட்டம், அவரை நோக்கித் திரும்புகிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் ஒருவர் இன்னொருவரை ஏமாறச் செய்துவிடலாம்.

மாலிக் இமாம் அவர்களிடம் தூரத்திலிருந்து வந்தவர்கள் கேள்விகளை அடுக்க, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னார்கள் என்ற செய்தி நமது மிம்பர்களில் அடிக்கடி கேட்பது. அதைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது அது பணிவைவிடக் கடினமான ஒன்றாகத் தெரிகிறது. தெரியாது என்று சொல்பவர் கேட்டவரை அடுத்த கதவுக்கு அனுப்புகிறார். “பார்த்துக்கொள்ளலாம்” என்பவர் கதவுக்கு முன்னால் நின்றுகொள்கிறார்.

பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைகளில் உலவும் விதிகளைப் பற்றியும் ஒரு சொல். ‘சீனியர்’ ஒருவர் சொன்னார், போன வருடம் ஒருவருக்குக் கொடுத்தார்கள், இரண்டு மாதம் பிந்தினாலும் எடுப்பார்கள் என்று எத்தனையோ. ஹதீஸ் கலையில் ஸனது இல்லாமல் ஒரு சொல்லையும் ஏற்காத சமூகம், தன் பிள்ளைகளின் மூன்று வருட உழைப்பை ஸனது இல்லாத வதந்தியின் மேல் வைக்கிறது. யார் தீர்மானித்தது, எந்தக் கூட்டத்தில், அந்த விதி இன்னும் இருக்கிறதா என்று கேட்பது சந்தேகப் புத்தியல்ல.

பட்டத்தின் பெயரிலேயே ஏமாந்தவர்களும் உண்டு. 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக வகுத்தது. பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி ஒன்பதாம் மட்டம், ஆய்வுக் கூறும் கொண்டது பத்தாம் மட்டம், முதுதத்துவமாணி பதினொன்று, கலாநிதி பன்னிரண்டு. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஒன்பதும் பத்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேற்கொண்டு படிக்கவோ பதவிக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். பாடநெறியில் சேரும் நாளில் இரண்டு நிமிடம் செலவழித்து இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் விளம்பரத்தை மட்டும் கொடுத்தார்கள். இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. இளம் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, “அப்படியென்றால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லது. கைநூலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கும் பொறுப்பில்லை” என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய அறைக் கதவில் சந்திக்கும் நேரம் ஒட்டப்பட்டிருக்கிறது, நேரத்துக்கு இருப்பார், கேட்டால் பக்க இலக்கத்தைச் சொல்வார். என்னைவிட அவர் நல்லவரா என்று யோசித்தேன். அவரால் யாருக்கும் என்னால் வந்த கேடு வராது. ஆனால் கைநூலைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய மாணவி அவரிடம் வந்திருக்கவே மாட்டார். ஆலோசனை கேட்கப்படுபவரிடம் ஓர் அமானிதம் வைக்கப்படுகிறது என்பது நம் மார்க்க வழக்கில் ஊறிய எண்ணம். அமானிதப் பொருளைத் தொலைப்பது ஒரு துரோகம் என்றால், அதை வாங்காமலே கதவைச் சாத்திக்கொள்வது நேர்மையாகிவிடுமா? அவருடைய சம்பளத்துக்குள் அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் கடமையும் அடங்கியிருக்கிறது.

முப்தியின் ஒழுக்கங்களில் இமாம் நவவி அவர்கள் எழுதியுள்ள இரண்டு விடயங்கள் இந்த இளையவருக்கும் எனக்கும் ஒன்றாகப் பொருந்துகின்றன. தாம் நன்மை செய்ய விரும்புகிறவருக்குச் சலுகையைத் தேடிக் கொடுப்பதும், தமக்குப் பிடிக்காதவருக்குக் கடுமையைத் தேடிக் கொடுப்பதும் முப்திக்கு ஆகாது. அதேவேளை ஒருவர் இக்கட்டில் மாட்டியிருக்கும்போது, நல்ல எண்ணத்தோடு, சந்தேகமில்லாத ஒரு வழியை அவருக்காகத் தேடிக் கண்டுபிடிப்பது அழகான செயல். அந்த டிசம்பரில் அப்படியொரு வழி இருந்தது. ஒரு பக்கக் கடிதம், வைத்தியரின் ஒரு துண்டு, என் கையொப்பம். அவர் வீட்டுக்குத் திரும்பு முன்னரே என் விறாந்தையில் வைத்து எழுதியிருக்கலாம். இரக்கம் காட்டும் அதிகாரம் மூதவையிடம் இருந்தது. அந்த இரக்கத்தைக் கேட்கும் விண்ணப்பத்தை உரிய நாளில் அங்கே சேர்ப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. நானோ என்னிடம் இல்லாத இரக்கத்தை என் கையால் வழங்கினேன்.

பத்வாவை எழுதும்போது தெளிவான எழுத்தில், வரிகளை நெருக்கமாக எழுத வேண்டும், பிறகு யாரும் இடையில் எதையும் செருகாதிருக்க என்றும் அந்தப் பகுதியில் வருகிறது. இத்தனை நுணுக்கம் ஏன் என்று ஒருகாலம் சிரித்திருப்பேன். எழுத்து கேட்டவரையும் காப்பாற்றுகிறது, சொன்னவரையும் காப்பாற்றுகிறது. முக்கியமாக, சொன்னவரைத் தன்னிடமிருந்தே காப்பாற்றுகிறது. பீடச் சபையில் நான் மௌனமாக இருக்க முடிந்தது, டிசம்பரில் சொன்னது காற்றில் போய்விட்டதால்தான். ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் எனக்கு அந்தச் சோதனையே வந்திராது.

காகிதம் இல்லாததால் வந்த வேறொரு கேடும் உண்டு. அது இந்த மண்ணுக்கே உரியது. பதிவு போன செய்தி தெரிந்த பிறகு மாணவியின் மூத்த சகோதரர் என்னைத் தேடி வந்தார். கோபமாகப் பேசவில்லை. தேத்தண்ணீர் குடித்தார். எழும்பும்போது கேட்டார்: “ஒங்கட ஆக்கள்ள ஒரு பொடிச்சியெண்டா இப்பிடி விட்டிருப்பீங்களா சேர்?”

யாராக இருந்தாலும் இப்படித்தான் விட்டிருப்பேன் என்பதுதான் உண்மை. வேறு இரண்டு பேருக்கும், அவர்கள் முஸ்லிம்கள், இதேபோல வாயால் உறுதி கொடுத்து, அதிர்ஷ்டவசமாகத் தப்பியிருந்தார்கள். என் அசட்டைக்குச் சாதி மதம் இருக்கவில்லை. ஆனால் அவர் அதை எப்படி நம்புவார்? நாவிதன்வெளியும் கல்முனையும் ஒரே தாம்போதியின் இரண்டு கரைகள். முப்பது வருட யுத்தத்தில் இரண்டு கரையிலும் மையித்துக்களும் பிரேதங்களும் விழுந்திருக்கின்றன. பிரதேச செயலகம் முதல் வயற்காணி வரை எல்லாவற்றையும் அவன் ஆள், இவன் ஆள் என்று பார்க்கப் பழகிய கண்களுக்கு, ஒரு முஸ்லிம் விரிவுரையாளரின் கவனக்குறைவு கவனக்குறைவாகத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. விதியைக் காட்டி, எழுத்தில் பதில் கொடுத்து, எல்லோருக்கும் ஒரேமாதிரி நடந்திருந்தால் அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தேவை வந்திராது. நான் அன்பின் பெயரால் விதியைத் தள்ளிவைத்தேன். அந்த வெற்றிடத்துக்குள் இனம் வந்து உட்கார்ந்துகொண்டது. சிபாரிசுக் கடிதங்களால் காரியம் பார்க்கும் அரசியல்வாதிகளை நாம் குறைசொல்கிறோம். விதி இருக்கும் இடத்தில் தன் முகத்தை வைப்பதில் நானும் அவர்களும் வேறல்ல.

அப்படியானால் ஈடு என்ன? அல்இஸ்பராயினி அவர்கள் பேசியது அழிந்த பொருளைப் பற்றி. அதற்கு விலை உண்டு. மூன்று வருட ஆய்வுக்கு நான் என்ன கொடுக்க முடியும்? புதுப் பதிவுக் கட்டணத்தைச் செலுத்துவதாகச் சொன்னேன். மறுத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அது ஈடாகவும் இராது. பணம் கொடுத்து விடயத்தை எங்கள் இருவருக்குள்ளே முடித்துக்கொள்வதாகவே இருந்திருக்கும். அழிந்தது பதிவு மட்டுமல்ல. ‘அசட்டையான மாணவி’ என்று கூட்டக் குறிப்பில் ஏறிய பெயரும் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: எங்கே மௌனமாக இருந்தேனோ அங்கேயே, எழுத்தில், பிழை என்னுடையது என்று சொல்வது. மேற்பார்வையாளரின் ஈடு இதுதான் என்று நான் நம்புகிறேன். இதில் அவர் இழப்பது அதிகமில்லை. பதவி போகாது. சக விரிவுரையாளர்கள் சிலநாள் பேசுவார்கள். பெரும்பாலும் ஒருவரும் கொடுக்காத ஈடு இது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறையீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாணவர் பிழை என்றிருக்கும், அலுவலகப் பிழை என்றிருக்கும், தபால் பிழை என்றுகூட இருக்கும். மேற்பார்வையாளரின் பிழை என்று மேற்பார்வையாளரே எழுதிய கடிதத்தை நான் கண்டதில்லை.

நான் எழுதியதும் காலம் கடந்துதான். ஐந்து மாதத்தின் பின் பீடாதிபதிக்கு முழு விபரத்தையும் எழுதி, கூட்டக் குறிப்பைத் திருத்துமாறு கேட்டேன். குறிப்பு திருத்தப்பட்டது. பதிவைப் பொறுத்தவரை மாணவியே மூதவைக்கு மேன்முறையீடு செய்யவேண்டும், என் கடிதத்தை அதனுடன் இணைக்கலாம் என்றார்கள். நாவிதன்வெளிக்குப் போய்ச் சொன்னேன். பிள்ளை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. “வேணாம் சேர், இனி ஏலாது” என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்றுவரை முடிவாகாத கேள்வி. என் குற்றவுணர்வைத் தீர்ப்பதற்காக அவரை மறுபடி படிக்க வைக்கக் கூடாது என்று அன்று நினைத்தேன். இப்போது அதுவும் ஒரு சாக்கோ என்று தோன்றுகிறது.

அதன் பிறகு சில விடயங்களை மாற்றிக்கொண்டேன். மாணவர் எதைக் கேட்டாலும், இது விதி, இது என் அபிப்பிராயம், இது எனக்குத் தெரியாது என்று பிரித்துச் சொல்லப் பழகினேன். விறாந்தையில் பேசியதை அன்றிரவே இரண்டு வரியில் எழுதி அனுப்புவேன். முதலில் கடிதமாக, பிறகு மின்னஞ்சலாக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, அலுவலகம் பதில் தராவிட்டால் அதன்கீழ் விண்ணப்பிக்கச் சொல்லியும் கொடுத்தேன். பல்கலைக்கழகங்களும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பரீட்சை இரகசியங்கள் போன்ற சில விலக்குகள் உண்டு. அதைச் சொல்லிக் கொடுத்ததற்காக என்னோடு பேசாமல் விட்ட உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

போன மாரியில் அந்த ஆசிரியையைக் கல்முனை பஸ் நிலையத்தில் கண்டேன். இப்போது ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். அன்று பிறந்த பிள்ளை வகுப்பில் கெட்டிக்காரியாம். தங்கையின் மகள் முதுமாணிக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். வெளிநாட்டுக் கணவனோடு ஆறு மாதம் போயிருந்து வர வேண்டியிருக்கிறதாம். பதிவை ஒத்திவைக்கலாமா என்று கேட்டார்.

அந்தப் பாடநெறியின் துணைவிதி எனக்குத் தெரியாது என்றேன். பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், அதை இப்போதே எழுதலாம் என்றேன். கைப்பையிலிருந்து அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து நடுத்தாளைக் கிழித்துத் தந்தார். பஸ் நிலையத்துச் சீமெந்துக் கட்டில் வைத்து எழுதினேன். வாங்கி இரண்டுமுறை வாசித்துவிட்டு, “திகதி போடல்ல சேர்” என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.